துப்பறியும் கதைகளிற் சமுதாயச் சாயல்

கடந்த ஆண்டில் ஒரு முழுமதி நாளன்று மாலை நாம் திருவண்ணாமலைக்குச் செல்ல நேர்ந்தது. மலையை வலம் வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் மக்கள் வெள்ளம் நகர்ந்துகொண்டிருந்தது. பேருந்து நம்மை ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டமையால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தோம். வழிநெடுகக் காவல்துறையினரின் ஒலிபெருக்கி ஓர் அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கூறிய வண்ணம் இருந்தது. நகைகளையும் பணப்பைகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு சொன்ன அவ்வறிவிப்பு, சந்தேகத்திற்கிடமான நபர்களைக் கண்டால் உடனே தெரிவிக்குமாறும் கேட்டுக்கொண்டது. நமக்குச் சிரிப்பு வந்தது. தலையில் தொப்பியும் முகத்தில் நரைத்த தாடியுமாக, பெரிய பையொன்றைச் சுமந்துகொண்டு, கூட்டம் செல்லும் திசைக்கு எதிராக நடந்த ஆள் அந்தச் சாலையில் நாம் ஒருவர்தாம். ஆயினும் எவரும் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு குவளை நீர்மோர் கொடுத்து, "பாத்துப் போங்க பாய், ஒரே கூட்டமா இருக்கு" என்றார்.

நாம் காணச் சென்ற நண்பர் ஆரணியிலிருந்து வந்து திருவண்ணாமலையில் குடியேறிய பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் பெருவிருப்புடையவர். அவர் வீட்டுக் கூடத்தில் பேரன் கைப்பேசியில் ஒரு சித்திரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு ஜப்பானிய மொழியில் நடக்க, கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. "வாங்க பாய், இவன் ஜப்பான்காரன்கிட்ட துப்பறியக் கத்துக்கிறான்" என்று நண்பர் வரவேற்றார். திரையில் தடித்த மனிதர் ஒருவர் நாற்காலியில் தலை கவிழ்ந்து உறங்க, அவருடைய குரல் மட்டும் கொலையாளியைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஒளிந்திருந்தான். நாம் விளக்கம் கேட்டோம். "அவன்தான் தாத்தா உண்மையான துப்பறிவாளன். மருந்து குடுத்துச் சின்னப் பையனா ஆக்கிட்டாங்க. சின்னப் பையன் சொன்னா யாரு நம்புவாங்க? அதனால அந்த மாமாவைத் தூங்க வச்சிட்டு அவரு குரல்ல பேசறான்" என்றான் பேரன்.

அறையின் மறுபுறத்தில், கண்ணாடி பதித்த அலமாரியில், ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்கள் பழுப்பேறி அடுக்கப்பட்டிருந்தன. ஒருபுறம் டோக்கியோவின் துப்பறிவாளன், மறுபுறம் ஆரணியின் துப்பறிவாளன். அன்றிரவு நாமும் நண்பரும் உரையாடியது பெரும்பாலும் இவ்விருவரையும் பற்றியே. அவ்வுரையாடலிலிருந்து விரிந்ததே இக்கட்டுரை.

முதலில் அந்த ஜப்பானியத் தொடரைப் பற்றி அறியாதார்க்குச் சில சொற்கள். அவோயாமா கோஷோ என்னும் ஓவியர் 1994-ஆம் ஆண்டு ஒரு சிறுவர் வார இதழில் படக்கதையாகத் தொடங்கியது இது. 1996 சனவரி 8-ஆம் நாள் முதல் தொலைக்காட்சியில் அசையும் சித்திரமாக வரத் தொடங்கி, ஆயிரத்து நூறு அத்தியாயங்களையும் கடந்து நடந்து வருகிறது. குதோ ஷின்இச்சி என்னும் பதினேழு வயது மாணவன் துப்பறிவதில் வல்லவன். கறுப்புடை அணிந்த கயவர் கூட்டமொன்று அவனைக் கொல்ல ஊட்டிய நஞ்சு, அவனைக் கொல்லாமல் முதல் வகுப்புச் சிறுவனாகச் சுருக்கிவிடுகிறது. அறிவு பதினேழு வயதினது, உடல் ஏழு வயதினது. அவன் எதோகாவா கானன் என்னும் புனைபெயரோடு தன் தோழி ரானின் வீட்டிலேயே வளர்கிறான். ரானின் தந்தை மோரி கொகொரோ, காவல்துறையை விட்டு விலகித் தனியார் துப்பறியும் தொழில் நடத்துபவர், குடிப்பிரியர், துப்பறியத் தெரியாதவர். அவரைக் கைக்கடிகாரத்து மயக்க ஊசியால் உறங்கச் செய்து, குரல் மாற்றும் கழுத்துப்பட்டியின் துணையால் அவர் குரலில் பேசி, சிறுவன் வழக்கை முடிக்கிறான். புகழ் முழுவதும் மோரிக்கு. "உறங்கும் கொகொரோ" என்று நாடே அவரைப் போற்றுகிறது.

குழந்தைகளுக்கான வேடிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு சமுதாயம் யாருடைய வாயிலிருந்து வந்தால் உண்மையை ஏற்கும், யாருடைய வாயிலிருந்து வந்தால் ஏற்காது என்னும் வினா இவ்வேடிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. துப்பறியும் இலக்கியம் தோன்றிய நாள்தொட்டு அதற்குள் இரண்டு வினாக்கள் உண்டு. சந்தேகம் யார்மீது விழுகிறது? சொல் யாருடையதாக ஏற்கப்படுகிறது? ஒரு மக்களின் துப்பறியும் கதைகளை இவ்விரு வினாக்களோடு படித்தால், அம்மக்களின் வீடு, தெரு, நீதிமன்றம் எல்லாம் அவற்றில் தெரியும் என்பது நம் துணிபு.

சிறுவன் சூடிய பெயரையே பாருங்கள். கானன் என்பது ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலிடமிருந்து பெற்றது. எதோகாவா என்பது ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை எனப்படும் எதோகாவா ராம்போவிடமிருந்து பெற்றது. அந்த ராம்போவின் பெயரும் இரவலே. ஹிராய் தாரோ என்னும் இயற்பெயருடைய அவர், எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளரின் பெயரை ஜப்பானிய நாவுக்கேற்ப வளைத்து எதோகாவா ராம்போ ஆக்கிக்கொண்டார். 1923-இல் அவர் எழுதிய செப்புக்காசுக் கதையிலிருந்தே ஜப்பானில் சொந்தத் துப்பறியும் கதை வேரூன்றியது என்பர். அவருக்கும் முன்னோடியாக இருந்தவர் குரோயிவா ருய்கோ என்னும் பத்திரிகையாசிரியர். 1880-களிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை எடுத்து, பாத்திரங்களுக்கு ஜப்பானியப் பெயர்களைச் சூட்டி, நாளிதழில் தொடர்கதைகளாக வெளியிட்டார். 1892-இல் தாமே ஒரு நாளிதழைத் தொடங்கி அதிலும் இவ்வழியே எழுதினார்.

தமிழகத்தில் நடந்ததும் இதுவேயன்றோ? நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ராம்போ பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பது ஒரு சுவையான தற்செயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனோடு வந்தார். அவருடைய 'இராஜாம்பாள்' மீண்டும் மீண்டும் அச்சேறியது. இருமுறை திரைப்படமும் ஆயிற்று. பின்னர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார். இவர்கள் நடுவில் எண்ணிக்கையால் எல்லோரையும் விஞ்சி நின்றவர் நம் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-இல் தோன்றிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்து, 1925-இல் மறையும்வரை மலைக்கத்தக்க வேகத்தில் எழுதிக் குவித்தார். ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளர் அவர் படைப்பு. பல பாகங்களாக வெளிவந்த 'இரத்தினபுரி இரகசியம்' ஒரு தலைமுறையின் உறக்கத்தைக் கெடுத்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ருய்கோவும் முதலியாரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் ஒரே காலகட்டத்தில், ஆசியாவின் இரு மூலைகளில், அயல்நாட்டுச் சரக்கைத் தம் மக்களின் பெயர்களில் பொதிந்து, பத்திரிகையின் துணையோடு விற்ற இரு வணிகர்களாக அவர்கள் நமக்குத் தோன்றுகின்றனர். 'வணிகர்' என்பதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. வெளிச்சரக்கை உள்ளூருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் வழிவந்தோர் நம் வாசகர்களில் பலர்; அத்தொழிலின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

முதலியார் மிகுதியும் கைவைத்தது ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் களஞ்சியத்தில். இன்று இங்கிலாந்திலேயே அவரை நினைப்பார் சிலர். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஆங்கிலம் படித்தோரிடையே அவருக்கிருந்த செல்வாக்கு பெரிது. 1844 முதல் வாரம் ஒரு பென்னி விலையில் லண்டன் மாநகரின் மர்மங்களை வெளியிட்ட அவர், உழைப்பாளிக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். பிரபுக்களின் மாளிகைகளைக் குற்றத்தின் ஊற்றுக்கண்ணாகக் காட்டியவர். இந்தச் சினம் தமிழுக்கு வரும்போது பிரபு ஜமீன்தாராகிறார். லண்டன் மாளிகை நம் அரண்மனையாகிறது. உயில் திருடப்படுகிறது, வாரிசு கடத்தப்படுகிறான், கைம்பெண்ணின் சொத்தை மைத்துனர் பறிக்கிறார். குற்றம் நடக்கும் இடம் சேரியன்று; பெரிய வீட்டின் உள்கட்டு. ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு மடத்தின் தலைவருடைய திரைமறைவு வாழ்க்கையையே வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. பிறப்பால் உயர்ந்தவர், பட்டத்தால் உயர்ந்தவர், காவியால் உயர்ந்தவர் ஆகிய மூவரையும் சந்தேகிக்கத் தமிழ் வாசகனுக்குக் கற்றுக்கொடுத்தது இம்மலிவுப் பதிப்பு நாவல்களே. உயர் இலக்கியம் என்று நாம் கொண்டாடிய பலவற்றிற்கு அத்துணிவு வரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்நாவல்களில் தாசி என்றால் குடிகெடுப்பவள். வேலைக்காரன் என்றால் காசுக்கு விலைபோகிறவன், அல்லது நாய்போல் விசுவாசமானவன். மூன்றாவது வகை அவனுக்குக் கிடையாது. எசமானர்கள் செந்தமிழ் பேச, கொச்சை மொழி அடியாட்களுக்கே ஒதுக்கப்பட்டது. இவ்விடத்தில் ஜப்பானியத் தொடரின் ஒரு சிறப்பைச் சொல்லவேண்டும். கானனுக்கு ஈடான இன்னொரு இளம் துப்பறிவாளனாக வரும் ஹத்தோரி ஹெய்ஜி ஒசாகா நகரத்தவன். தன் ஊர் வட்டார வழக்கிலேயே பேசுகிறான். அந்த வழக்கு அவனுடைய அறிவுக்குக் குறையாகக் காட்டப்படுவதில்லை. வடார்க்காட்டு வழக்குப் பேசும் துப்பறிவாளர் ஒருவரை ஆரணியார்கூடத் தரவில்லையே என்று நண்பரிடம் குறைபட்டுக்கொண்டோம். அவர் சிரித்து, "அப்ப எழுதினா எவனும் துட்டுக் குடுத்து வாங்கியிருக்க மாட்டான் பாய்" என்றார்.

நம்மவர் எவ்வாறு காட்டப்பட்டனர் என்பதையும் ஒரு சொல்லில் பார்ப்போம். வடுவூராரின் 'மேனகா' 1923-இல் வந்தது, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமாகப் புகழ்பெற்று 1935-இல் திரைப்படமும் ஆயிற்று. பிராமணக் குடும்பத்து மருமகள் மேனகா, புக்ககத்தாரின் சூழ்ச்சியால் ஒரு முஸ்லிம் செல்வருக்கு விற்கப்படுகிறாள். இம்மட்டும் படித்து நூலை மூடுவோர்க்குக் கசப்பே மிஞ்சும். ஆனால் அவளுடைய மானத்தையும் உயிரையும் காப்பவள் அச்செல்வரின் மனைவியான நூர்ஜகான். விற்றவர்கள் சொந்த உறவினர். மீட்டவள் அயல் வீட்டுப் பெண். ஐயங்கார் எழுத்தாளர் ஒருவர் நூறாண்டுக்கு முன் இப்படி ஒரு பாத்திரத்தை வடித்ததை நாம் நன்றியோடு நினைக்கிறோம். தீயவனும் எம்மில் உண்டு, நல்லவளும் எம்மில் உண்டு என்று ஒரே வீட்டில் இருவரையும் காட்டிய அந்நேர்மை, எழுபதாண்டு கழித்து வந்த திரைப்படங்கள் பலவற்றில் இல்லாமற் போயிற்று. அவற்றில் தீயவன் மட்டுமே எஞ்சினான். நூர்ஜகானுக்கு வேலையே இல்லை.

சந்தேகம் என்னும் பொருளைப் பேசும்போது கதையை விட்டுச் சற்று வெளியே வந்து கைரேகையின் வரலாற்றை நோக்கவேண்டும். கதைகளைக் காட்டிலும் வியப்பானது அது. கானன் வரும் ஒவ்வோர் அத்தியாயத்திலும் நீலவுடைக் காவலர்கள் தூள் தூவி ரேகை எடுப்பதைக் காணலாம். அக்கலையின் ஒரு வேர் டோக்கியோவிலேயே இருக்கிறது. சுகிஜி என்னுமிடத்தில் மருத்துவமனை நடத்திய ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், பழம்புதையலில் கிடைத்த மட்பாண்டங்களில் குயவனின் விரற்பதிவுகளைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குற்றவாளியை அடையாளங் காண விரல்ரேகை உதவும் என்று 1880-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அக்கட்டுரை குறிப்பிடும் வழக்குகளுள் ஒன்றில், சுவரிற் பதிந்திருந்த கரிபடிந்த விரற்சுவடு, சந்தேகிக்கப்பட்டவருடையதன்று என்று மெய்ப்பித்து அவரைக் காத்தது. கைரேகை ஆற்றிய முதற்பணிகளுள் ஒன்று, ஒரு நிரபராதியைக் காத்தது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

மற்றொரு வேர் வங்காளத்தில் இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி 1858-லேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் கைப்பதிவு வாங்கினார். ஆனால் பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தபின் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? அச்சிக்கலை அவிழ்த்தவர் குல்னாவைச் சேர்ந்த காஜி அஜீஸுல் ஹக் என்னும் இளைஞர். கணிதம் கற்று, வங்காளக் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தவர். பத்து விரல்களின் சுழிகளை எண்களாக்கி, 32 வரிசையும் 32 நிரலுமாக 1024 அறைகளில் பதிவுகளைப் பிரித்து வைக்கும் கணக்கை அவர் வகுத்தார். அவருடன் ஹேமச்சந்திர போஸும் உழைத்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமைந்தது. அம்முறை 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அதற்கு இடப்பட்ட பெயர் ஹென்றி முறை. எட்வர்ட் ஹென்றி என்பது அவ்விருவருக்கும் மேலதிகாரியாக இருந்த ஆங்கிலேயரின் பெயர். பல்லாண்டுகள் கழித்து, 1920-களில், முறையை உருவாக்கியதில் ஹக்கின் பங்கு பெரிது என்று ஹென்றியே எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஹக்கிற்குக் கான் பகதூர் பட்டமும் சிறு வெகுமதியும் கிடைத்தன. பீகாரின் மோதிஹாரியில் வாழ்ந்து 1935-இல் அவர் மறைந்தார்.

நாற்காலியில் உறங்கும் மோரியையும், பின்னால் ஒளிந்து நின்று அவர் குரலில் பேசும் சிறுவனையும் இப்போது நினைத்துப் பார்க்கலாம். குல்னாவின் கணிதம் லண்டனின் குரலில் பேசியது. சிறுவனுக்கேனும் தன் உண்மையுருவம் திரும்பும் என்ற நம்பிக்கை கதையில் உண்டு.

இக்கருவி நம் மண்ணில் என்ன செய்தது? 1871-இல் வெள்ளையராட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சில சாதிகளில் பிறந்த அனைவருமே பிறவிக் குற்றவாளிகள் என்பது அதன் அடிப்படை. 1911-இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குற்றம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேகை வைத்துப் பதிந்துகொள்ளவேண்டும். காவல் நிலையத்தில் முகம் காட்டவேண்டும். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். மதுரைச் சீமையில், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு பெண்ணும் அவர்களுள் ஒருவர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீங்கிற்று. ஆயின் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று இன்னொன்று சென்னையில் பிறந்திருந்தது. பெயர் மாறியது, பட்டியலில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் மாறவில்லை. டோக்கியோவில் ஒரு மனிதரை விடுவித்த அதே ரேகை, இங்கே ஒரு சாதி முழுவதையும் கட்டிப்போட்டது.

இப்போது ஆண்டுகளை ஒப்பிட்டால் ஓருண்மை புலப்படும். அரசாங்கம் குடிசைகளை நோக்கி விரலை நீட்டிய அதே 1910-களிலும் 20-களிலும்தான், ரங்கராஜுவும் ஆரணியாரும் வடுவூராரும் மாளிகைகளை நோக்கி விரலை நீட்டினர். அவர்கள் அச்சட்டத்தை எதிர்க்கப் பேனா பிடித்தார்கள் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது மிகை. தொழிலே அவர்களை அவ்வழியில் செலுத்தியது. பிறவிக் குற்றவாளியே கொலையாளி என்றால் துப்பறிவாளனுக்கு என்ன வேலை? முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். கதை நடக்கவேண்டுமானால் முதலில் பிடிபடுபவன் நிரபராதியாக இருந்தாக வேண்டும். சட்டம் மறந்த நீதியைக் கதையின் இலக்கணம் காத்தது.

ஜப்பானியத் தொடரும் இவ்விலக்கணத்தை விட்டு விலகவில்லை. அதில் ஓர் அத்தியாயம் நம்மை மிகவும் பாதித்தது. சிறு தீவொன்றில் பீதோவனின் நிலவொளி இசை ஒலிக்கும்போதெல்லாம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கொல்லப்படுகிறார். பல்லாண்டுகளுக்கு முன் அவ்வூரில் புகழ்பெற்ற பியானோ இசைஞர் ஒருவர் குடும்பத்தோடு தீக்கு இரையானார். குடும்பத்தைக் கொன்று தாமும் மாண்டார் என்பது ஊரார் அறிந்த செய்தி. உண்மை வேறு. போதைப்பொருள் கடத்த அவரைப் பயன்படுத்திய ஊர்ப் பெருமக்கள், அவர் மறுத்தபோது கொன்றுவிட்டனர். அன்று வெளியூரில் நோயாளியாக இருந்து தப்பிய மகன், பெண் மருத்துவராக மாறுவேடம் பூண்டு வந்து பழி தீர்க்கிறான். கானன் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் எரியும் கட்டடத்தில் பியானோ வாசித்தபடி உயிர்விடும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. இசைக் குறியீட்டால் அவன் விடைபெறும் இடத்தில் நண்பரின் பேரனும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டான். கண்டுபிடித்தது மட்டும் போதாது, குற்றவாளியையும் உயிரோடு நீதியின்முன் நிறுத்தவேண்டும் என்பது அதன்பின் கானனின் உறுதியாகிறது. பழிவாங்குவோனின் துயரை முழுமையாகச் சொல்லி, அவன் செயலை மட்டும் ஏற்க மறுக்கும் இந்நிலை இத்தொடரில் பன்முறை வருகிறது. ஊர்த்தலைவரும் பணக்காரருமே மூலக் குற்றவாளிகள் என்பதில் ஆரணியாரின் வாசகனுக்கு வியப்பேதும் இருந்திராது.

பெண்களைப் பொறுத்தவரை தொடர் இருமனத்தோடு இருக்கிறது. ரான் கராத்தே வீராங்கனை. ஒரே அடியில் கயவனை வீழ்த்துவாள். எனினும் முப்பதாண்டாக ஷின்இச்சியின் வரவுக்குக் காத்திருப்பதே அவள் வேலை. அவளுடைய தாய் தோல்வியறியாத வழக்கறிஞர். காவல்துறையில் சாதோ என்னும் பெண் அதிகாரி ஆண்களுக்கு முன்னால் நிற்கிறாள். அயலாரைப் பொறுத்தவரை, அமெரிக்க உளவுத்துறையினர் தாராளமாக உலவுகின்றனர். கலப்புப் பெற்றோருக்குப் பிறந்து, தலைமயிரின் நிறத்தால் சிறுவயதில் பிற பிள்ளைகளால் துன்புறுத்தப்பட்ட அமுரோ என்பவர், வளர்ந்தபின் நாட்டின் பாதுகாப்புக்கே உயிர்கொடுக்கும் அதிகாரியாக வருகிறார். ஆயின் தலைமுறைகளாக ஜப்பானில் வாழும் கொரிய வமிசத்தாரையோ, அந்நாட்டில் தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட புராக்கு மக்களையோ நாம் பார்த்த அளவில் காணவில்லை. சந்தேகப் பட்டியலில்கூட இடம்பெறாதவர் கதைக்கு வெளியே எங்கோ வாழ்கின்றனர்.

காவல் நிலையமும் அத்தொடரில் மிகத் தூய்மையானது. தர்க்கத்தை எடுத்துரைத்தவுடன் கொலையாளி மண்டியிட்டு அழுது தானே ஒப்புக்கொள்கிறான். ஒருவரும் கைநீட்டி அடிப்பதில்லை. அந்நாட்டு உண்மை நிலை வேறு. வழக்கு மன்றம் ஏறினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தண்டனைதான். ஒப்புதல் வாக்குமூலமே அங்கு சான்றுகளின் அரசன். ஹகமாதா இவாவோ என்னும் குத்துச்சண்டை வீரர் 1966-இல் நாலு பேர் கொலை வழக்கில் கைதாகி, நாட்கணக்கில் நடந்த விசாரணையின் முடிவில் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். 1968-இல் மரண தண்டனை. சான்றுகள் புனையப்பட்டவை என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது 2024 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 88. முப்பதாண்டுத் தொடரில் இப்படி ஓர் ஒப்புதலைக் கானன் சந்தித்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஜப்பானியத் திரைக்கலையும் தமிழ்த் துப்பறியும் கலையும் முன்பே ஒருமுறை நேரில் சந்தித்ததுண்டு. 1952-இல் சென்னைக்கு வந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தைப் பார்த்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அம்முறையில் ஈடுபட்டு, 1954-இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கியது 'அந்த நாள்'. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம் அது. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர்தான் கதைக்காலம். வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி, மனைவி என்று ஒவ்வொருவர்மீதும் ஐயம் விழுகிறது. ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சுட்டுகின்றனர். இறுதியில், ஜப்பானுக்கு உளவு சொன்ன கணவனின் துரோகத்தை அறிந்த மனைவியின் கையாலேயே அவன் உயிர் போனது தெரியவருகிறது. ஜப்பானியர் கண்ட கதைமுறையிலேயே ஜப்பானைப் பகையாகக் காட்டிய படம். பட்டியலில் வெளியார் ஒருவருமில்லை. எல்லாரும் வீட்டாரும் அண்டையாருமே. அவ்வகையில் அது ஆரணியாரின் வழித்தோன்றல் என்றும் கூறலாம். மக்கள் அதை அன்று போதிய அளவு ஆதரிக்கவில்லை. பாட்டில்லாக் குறை பெரிதாகப் பட்டது போலும்.

பின்வந்த காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் பருகியபடி உலகைச் சுற்றினார். 'டோக்கியோ ரோஜா' என்றே ஒரு நாவல் உண்டு. 1968-இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தது; கணேஷ் வந்தார். இவர்களைப் பற்றி எழுதத் தனிக்கட்டுரை வேண்டும். நம் வினாவுக்கு இவர்களைவிட நெருங்கியது ஓர் உண்மை வழக்கு. 1993-இல், விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தில், நகைத் திருட்டு ஒன்றில் சந்தேகத்தின்பேரில் ராஜாக்கண்ணு என்னும் குறவர் இனத்தவரைக் காவலர்கள் கொண்டுசென்றனர். அவர் திரும்பவில்லை. தப்பியோடினார் என்றது காவல் நிலையம். அவருடைய மனைவி வழக்கறிஞர் சந்துருவிடம் செல்ல, ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றம் ஏறியது. காவலில் நடந்த கொலை என்பது வெளிப்பட்டு, காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். உண்மையைத் துப்பறிந்து வெளிக்கொணர்ந்தது எழுத்தறியாத ஒரு பெண்ணின் பிடிவாதம். மன்றத்தில் அவளுக்காகப் பேசியது ஒரு வழக்கறிஞரின் குரல். 2021-இல் இவ்வழக்கு 'ஜெய் பீம்' படமாயிற்று. நாம் போற்றும் படம் அது. ஆயினும் மாண்டவர் குறவர். படத்தில் இருளராகக் காட்டப்பட்டார். இருளர் துயரும் மெய்யே. திருவண்ணாமலை வட்டாரத்தார்க்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. எனினும் உயிரைக் கொடுத்த குடும்பத்தின் சாதிப்பெயர் தன் கதையிலேயே இடம்பெறாமற் போனதைக் கேட்கும்போது நமக்கு அஜீஸுல் ஹக்கின் நினைவு வந்தது.

பேச்சு முடிய இரவு வெகுநேரமாயிற்று. கிரிவலக் கூட்டத்தின் ஓசை இன்னும் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. நண்பர் அலமாரியிலிருந்து அட்டையிழந்த நாவல் ஒன்றை எடுத்துவந்தார்; ஆசிரியர் பெயரும் தலைப்பும் உள்ள தாள்களே இல்லை. பேரன் அதைப் புரட்டிப் பார்த்து, "இதுல போலீஸ் முதல்ல யாரைத் தாத்தா பிடிக்கிறாங்க?" என்று கேட்டான்.

"தோட்டக்காரனை."

"அவன்தான் செஞ்சானா?"

நண்பர் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். செல்லரித்துப் போயிருந்தன. பேரன் சற்று யோசித்துவிட்டு, "தோட்டக்காரனா இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உறங்கச் சென்றான்.